கைக்குள் நிற்காத திமில்... கரண்டியில் ஏறிய சைக்கிள் டியூப்!

அந்தக் கறுப்புக் காளையின் திமிலை அவன் தொட்டது உண்மை. இரண்டு கைகளாலும் பிடித்ததும் உண்மை. நண்பன் எடுத்த செல்போன் வீடியோவில் அது தெளிவாகவே தெரிகிறது. ஆனால், அடுத்த துள்ளலில் அவன் தேங்காய் நாரில் குப்புறக் கிடக்கிறான். காளை பத்தடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறது. வீடியோவின் நீளம் மொத்தமே 9 விநாடி. அதில் அவன் மாட்டோடு இருந்தது 2 விநாடிகூட இல்லை.

அன்று இரவு அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தானோ, கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தினான். விரல்கள் பிரியும் இடம். கால் வழுக்கவில்லை. தோளும் தளரவில்லை. விரல்கள்தான் முதலில் விட்டன.

அவனுக்கு வயது 26. ஊர், அன்னவாசல் பக்கம். புதுக்கோட்டை டவுனில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. காலையில் ஜிம், பகலில் கீபோர்டு, இரவில் செல்போன். உடம்பைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஜிம்மில் 120 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பான். அப்படிப்பட்டவனை ஒரு மாடு இரண்டு விநாடியில் உதறிவிட்டுப் போனதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

புதுக்கோட்டையில் ஜல்லிக்கட்டு என்பது பொங்கலுக்கு மட்டும் வந்து போகிற விஷயம் இல்லை. கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில் ஜனவரி தொடக்கத்திலேயே வாடிவாசல் திறந்துவிடும். பெரும்பாலும் தமிழ்நாட்டின் அந்த ஆண்டுக்கான முதல் ஜல்லிக்கட்டு அதுதான். அதன் பிறகு ஊர் ஊராகக் கோடை வரைக்கும் நடக்கும். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு, அது உலக சாதனையாகப் பேசப்பட்டது. அதே களத்தில் அன்று வேடிக்கை பார்க்க வந்த இருவர் மாடு முட்டி இறந்தார்கள் என்பதையும் ஊர் மறக்கவில்லை. அவனுடைய அம்மா இரண்டாவது செய்தியை மட்டுமே ஞாபகம் வைத்திருப்பவர்.

களத்தின் விதி எளிமையானது. கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது. திமிலை மட்டும் தழுவ வேண்டும். 15 மீட்டர் தூரமோ, மாட்டின் மூன்று துள்ளலோ தாங்கினால் பிடித்ததாகக் கணக்கு. சொல்லும்போது சின்ன தூரம்தான். ஆனால், திமில் என்பது பிடிப்பதற்காக வளர்ந்த கைப்பிடி இல்லை. தசையும் கொழுப்புமாகத் திரண்ட மேடு. அதன் மேல் தோல் தளர்வாக நழுவும். வியர்வை வேறு. நல்ல காளையின் திமிலைச் சுற்றி எந்த மனிதனின் விரலும் கட்டைவிரலைத் தொடாது.

ஜல்லிக்கட்டு முடிந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. அந்தக் காலத்தில் பத்து ஊர் வாடிவாசலில் நின்றவர். அதற்கு முன்னும் பின்னும் கல் குவாரியில் சம்மட்டி பிடித்தவர். இப்போது வயது 57. தொப்பை இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஜிம்மில் 10 கிலோ டம்பிளைக்கூட அவர் தொட்டதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். “குலுக்கு, மாப்ள.”

குலுக்கினான். மாமா கொஞ்சம் அழுத்தினார். அவன் முகம் மாறியது.

“எப்படிடா தூக்குற அந்த 120 கிலோவ?”

ஜிம் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மணிக்கட்டில் மாட்டி, கம்பியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் துணி வார். ஸ்ட்ராப் என்பார்கள். கை விட்டாலும் வார் விடாது. முதுகுக்கும் தொடைக்கும் அதிக எடை கொடுக்க நினைப்பவர்கள் பயன்படுத்துவது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருசம் மாட்டுக்கிட்ட, ‘செத்த நில்லு, கட்டிக்கிறேன்’னு சொல்லிப் பாரு.”

வீடே சிரித்தது. அவனும்தான். ஆனால், விஷயம் அதில் இருந்தது. முதுகுக்கு 120 கிலோ, தொடைக்கு 120 கிலோ, விரல்களுக்கு மட்டும் அரை விடுமுறை. மூன்று வருடம் இப்படியே போயிருக்கிறது.

நம் விரல்களுக்குள் அவற்றை மடக்கும் பெரிய தசை எதுவும் கிடையாது. அந்தத் தசைகள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியாக ஓடி விரல் எலும்புகளில் முடிகின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று நூல் இழுக்கிற கதைதான். உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகளும் உதவும். ஆனாலும் முக்கியமான இழுவை முன்கையிலிருந்துதான் வருகிறது. இப்போதே கையை மடக்கி இறுக்கி, மறு கையால் முன்கையைத் தொட்டுப் பாருங்கள். திரள்வது தெரியும்.

ஜிம் கம்பி இந்தத் தசைகளை முழுதாகச் சோதிப்பதில்லை. போட்டிகளில் ஆண்களுக்கான பளுதூக்கும் கம்பி 28 மில்லிமீட்டர் தடிமன், பெண்களுக்கு 25. விரல்கள் முழுதாகச் சுற்றி, கட்டைவிரல் அவற்றின் மேல் பூட்டு மாதிரி விழுந்துவிடும். பளுதூக்கும் வீரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டைவிரலை உள்ளே வைத்து அதன் மேல் மற்ற விரல்களை மடக்குவார்கள். இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் நெம்மேலிப்பட்டியிலிருந்து போய், 2019 ஜூலையில் சமோவா நாட்டில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் போட்டியில் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்ற அனுராதா பவுன்ராஜ் தூக்கியதும் அந்த 25 மில்லிமீட்டர் கம்பியைத்தான். கம்பி மெலிதாக இருந்தால்தான் எடை மேலே போகும்.

அதே கம்பியை 50, 55 மில்லிமீட்டர் ஆக்கினால் கதை மாறிவிடுகிறது. விரல்கள் பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும். கட்டைவிரல் பூட்டு விழாது. கம்பி உருண்டு உருண்டு விரல் நுனியை நோக்கி ஓடப் பார்க்கும். அதைத் தடுக்க முன்கைத் தசை முழு நேரமும் இழுத்தபடி இருக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் என்ற பலசாலி ஒரு டம்பிளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சவால் விட்டார். எடை சுமார் 78 கிலோதான். கைப்பிடியின் தடிமன் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். அந்தக் காலத்துப் பெரிய பெரிய பலசாலிகள்கூட அதை ஒற்றைக் கையால் தூக்க முடியாமல் திரும்பினார்கள்.

நம் ஊரில் இதற்குத் தனிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கைப்பிடியே இல்லாத வழவழப்பான இளவட்டக்கல் வேறென்ன? நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் பெண்கள் உட்பட அதைத் தூக்குகிறார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்த ஈர வடம், உலக்கை, பனையேறியின் கைக்குள் அடங்காத மரம் என்று பட்டியல் போட்டால் நீளும். மாமாவின் கையில் இருப்பதும் அந்த மாதிரி ஒன்றுதான். இருபது வருடச் சம்மட்டி.

கம்பியின் மேல் மாட்டுவதற்கென்றே பிளவுபட்ட தடித்த ரப்பர் உருளைகள் இணையத்தில் கிடைக்கின்றன. விலையைப் பார்த்ததும் அவன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டான். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் சும்மாவே கொடுத்தார்கள். நீளவாக்கில் கிழித்து, கம்பியில் இறுக்கமாகச் சுற்றி, ஓரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டினான். நூல் வைத்து அளந்தான். வெறும் கம்பியின் சுற்றளவு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டியூப் சுற்றியதும் 17. எடையைத் தூக்கும்போது சுற்று நழுவுகிறதா என்று பார்க்க முதல் நாள் முழுக்க வெறும் கம்பியோடு போனது. அது நல்ல யோசனை. இரண்டாவது சுற்று நழுவத்தான் செய்தது.

பிறகு எடை போட்டான். வார் இல்லாமல், தடித்த பிடியோடு, 70 கிலோ. முழங்கால் வரைக்கும் வந்தது. அங்கேயே விரல்கள் திறந்துகொண்டன. ஜிம்மில் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

60 கிலோவுக்கு இறங்கினான். தூக்கி, நிமிர்ந்து, 20 விநாடி நிற்பது. மூன்று முறை. பிறகு புல்-அப் கம்பியில் ஈரத் துண்டைப் போட்டுத் தொங்குவது. முதல் வாரம் பல் துலக்கும்போது பிரஷ் கனத்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

அங்கேதான் தப்பு செய்தான். வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று பயிற்சியாளர் சொன்னதைக் கேட்காமல் ஆறு நாள் செய்தான். தசை வேகமாகத் தேறும். தசைநாண் மெதுவாகத்தான் தேறும். ஐந்தாவது வாரம் முழங்கையின் உள்பக்க எலும்பில் ஊசி குத்துகிற வலி. விரலை மடக்கும் தசைகளில் பல தொடங்குகிற இடம் அதுதான். டீ டம்ளரைத் தூக்கினால்கூட வலித்தது. ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்திய நாட்களில் செய்ததெல்லாம், விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, மடக்குவதற்குப் பதிலாக விரிப்பது. மடக்கும் தசைக்கு மட்டுமே வேலை கொடுத்து, விரிக்கும் தசையை மறந்தால் முழங்கை இப்படித்தான் கணக்குக் கேட்கும்.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் அம்மா விழுந்தார்.

டவுன் பஸ். நின்றுகொண்டு வந்திருக்கிறார். ரோட்டில் ஆடு குறுக்கே ஓட, பஸ் குலுங்கி நின்றது. மேலே கம்பியைப் பிடித்திருந்த எல்லோரும் ஆடினார்கள். அம்மா மட்டும் விழுந்தார். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

“கம்பியப் பிடிச்சுத்தான்டா இருந்தேன் தம்பி. நல்லாத்தான் பிடிச்சிருந்தேன். கை விட்டுருச்சு.”

அவனுக்கு அந்த 9 விநாடி வீடியோ ஞாபகம் வந்தது.

யோசித்துப் பார்த்தால், அறிகுறிகள் இருக்கத்தான் செய்தன. ஊறுகாய் பாட்டிலை ஒரு வருடமாக அவனிடம்தான் நீட்டிக்கொண்டிருந்தார். ஈரத் துணியைப் பிழியாமல் அப்படியே கொடியில் போட்டார். சொட்டுகிறதே என்று அவன் சத்தம் போட்டிருக்கிறான். குடத்தை இடுப்பில் ஏற்ற இரண்டு கை தேவைப்பட்டது. அம்மாவுக்கு 54 வயதுதான். போர்வெல் வந்து, மிக்சி வந்து, கிரைண்டர் வந்து, வாஷிங் மெஷினும் வந்த வீடு. அவையெல்லாம் வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை, அம்மாவுக்கு நிச்சயமாக இல்லை. ஆனால், வடம் பிடித்த கைக்கு வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை.

கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆனது. உள்ளே இருந்து வந்த முன்கை இன்னொருவருடையது மாதிரி மெலிந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னக் கருவியை எடுத்து அம்மா கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடியின் பலத்தை அளக்கும் கருவி. நல்ல கையான இடது 15 கிலோ காட்டியது. முறிந்த வலது 5. ஆசிய நாடுகளுக்கான 2019-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் ஒன்று, பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே போனால் பிடி குறைவு என்று கணக்கிடுகிறது. அதாவது, அம்மாவின் நல்ல கையே நல்ல கை இல்லை.

இந்தப் பிடி அளவை மருத்துவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் பிடியை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவிகிதம் கூடியிருந்தது. கையை இறுக்கினால் ஆயுள் நீளும் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுக்கத் தசை எப்படி இருக்கிறது என்பதைக் கை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

அன்று ஜிம் பையோடு வந்திருந்தவன், ஆர்வக்கோளாறில் சைக்கிள் டியூப் கதையைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. “அதையே அம்மாவோட கரண்டியில சுத்துங்க” என்றார்.

அவனுக்குப் புரியவில்லை. தடித்தால் கஷ்டம் அல்லவா? 120 கிலோ தூக்கியவனை 60-க்கு இறக்கியது அதுதானே?

அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. கனமான எடையைத் தூக்கும்போது தடித்த பிடி கஷ்டம்; விரல் பூட்டிக்கொள்ள முடியாது. ஆனால், கட்டுப் பிரித்த கை, முடக்குவாதம் வந்த கை, வயதான கை ஆகியவற்றின் பிரச்னையே வேறு. அவற்றால் விரலை முழுதாக மடக்கவே முடியாது. மெல்லிய எவர்சில்வர் கரண்டிக் காம்பு அந்தக் கைக்குள் ஆடும், நழுவும். காம்பைத் தடிப்பாக்கினால், பாதி மடங்கிய விரலுக்கே பிடி கிடைத்துவிடும். எடை இலேசு என்பதால் தாங்கவும் செய்யும். மூட்டு வலிக்காரர்களுக்காக ஸ்பூன், சீப்பு, பேனா, பிரஷ் எல்லாவற்றுக்கும் இப்படித் தடித்த கைப்பிடி போட்டுக் கொடுப்பது மறுவாழ்வு சிகிச்சையில் பழைய வழக்கம்.

அன்று சாயங்காலமே டியூப் கரண்டியில் ஏறியது. குழம்புக் கரண்டி, தோசைக் கரண்டி, துடைப்பம், குளியலறை மக்கு. அடுப்புச் சூடு படாத மாதிரி, காம்பின் மேல் பாதியில் மட்டும். அம்மா பார்த்துவிட்டு, “சமையக்கட்டா, சைக்கிள் கடையா?” என்றார். ஆனால், அன்றைக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக அவரே தோசை திருப்பினார். முதல் தோசை கிழிந்தது. அவன் சாப்பிட்டான்.

பயிற்சிகளும் கூடவே நடந்தன. வெதுவெதுப்பான நீரில் சின்னத் துண்டைப் பிழிவது, பிசைந்த மாவை அழுத்துவது, விரலை விரிப்பது. அம்மாவுக்கு பி.பி உண்டு, அதனால் அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, ரொம்ப நேரம் இறுக்கியபடி இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பிழியும்போது வாய் விட்டு எண்ணினார். எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாதல்லவா? அந்த அறையில் அவன் அவனுடைய ரப்பர் பேண்ட்டோடு உட்கார்ந்திருப்பான். இரண்டு பேரும் மாறி மாறி எண்ணுவார்கள். டி.வி சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்.

வாரங்கள் போகப் போக கரண்டிக் காம்பு மெலியத் தொடங்கியது. கை தேறத் தேற டியூபில் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்கள். ஜிம்மில் அவனுடைய கம்பி அதே தடிமனில் இருந்தது, எடைதான் ஏறியது. வாரம் இரண்டே நாள். டிசம்பர் முடிவில் தடித்த பிடியில் 95 கிலோவை 20 விநாடி தாங்கினான். அம்மாவின் வலது கை கருவியில் 14 காட்டியது. 18-க்கு இன்னும் தூரம் இருந்தது.

ஜனவரியில் மறுபடியும் பதிவு செய்தான். அம்மாவிடம் சொல்லத்தான் மூன்று நாள் ஆனது. சொன்னபோது அம்மா கையிலிருந்த துண்டைப் பிழிந்து முடிக்கும் வரை பேசவில்லை.

“போகாதன்னா கேக்கவா போற? மாமன முன்னால நிறுத்திக்க.”

மருத்துவப் பரிசோதனை முடிந்து, டி-ஷர்ட் மாட்டி, அவன் சுற்று வந்தபோது மணி பதினொன்று. முதல் காளையை இன்னொருவன் முந்திக்கொண்டான். இரண்டாவது, கிட்டவே சேர்க்கவில்லை. மூன்றாவது செவலை. வாடிவாசல் தாண்டி இடது பக்கம் திரும்பியது. அவன் அந்தப் பக்கம்தான் நின்றான். திமிலைச் சுற்றிக் கை போனது. விரல்கள் இந்த முறையும் ஒன்றையொன்று தொடவில்லை. தோல் நழுவியது. ஒரு துள்ளல். கம்பி உருளும்போது முன்கையில் தெரியும் அதே இழுவை. இரண்டாவது துள்ளலில் கால் தரையில் இல்லை. மூன்றாவதை அவன் பார்க்கவில்லை. மாட்டின் விலாவில் முகம் புதைந்திருந்தது. விசில் சத்தம் கேட்ட பிறகுதான் விட்டான்.

மாமா மட்டும் அசரவில்லை. “கை பாதிதான் மாப்ள. காளை உன் பக்கமாத் திரும்புச்சு பாரு, அது பாதி. வலப்பக்கம் போயிருந்தா நீ நாரத்தான் தின்னுருப்ப.” அதில் உண்மை இருக்கிறது. சைக்கிள் டியூப் யாரையும் மாடுபிடி வீரராக்காது. ஜிம் கம்பி துள்ளாது, குத்தாது.

பரிசு, ஒரு எவர்சில்வர் குடம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்தான். அம்மா முதலில் அவன் சட்டையைத் தூக்கி, முதுகு, விலா, தொடை எல்லாம் பார்த்தார். கீறல்தான். அதன் பிறகுதான் குடத்தைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். பாதி பிடித்தார். கழுத்தை வலது கையால் வளைத்துப் பிடித்து, ஒரே தூக்கில் இடுப்பில் ஏற்றினார்.

“தகடு ரொம்ப மெலிசு” என்றார். “பெரிய குடமாக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?”